சுற்றுப் பலகையும் ஷியோமி சானும்

எங்கள் சந்து கப்பல் கட்டும் பட்டறைக்குப் பின்னால் மலைமேல் ஏறுகிறது. கீழ்முனையில் என் முடிதிருத்தும் கடை. மேல்முனையில், படிகள் முடிகிற இடத்தில், ஷியோமி ரொக்குசோவின் வீடு. நடுவில் இருப்பவர்கள் எல்லாரும் வாய்க்காரர்கள். நானும் வாய்க்காரன்தான், இல்லையென்று சொல்லவில்லை. கத்தரியோடு சேர்ந்து வாயும் ஓடாவிட்டால் என் தொழிலில் ஈ ஓட்ட வேண்டியதுதான். ஷியோமி மட்டும் பேசமாட்டார். நாற்காலியில் உட்கார்ந்தால் “வழக்கம்போல” என்பார், எழுந்தால் “நன்றி” என்பார். நடுவில் ஒரு இருமல் வந்தால் உண்டு.

கப்பலுக்குத் துரு சுரண்டி வண்ணம் அடிக்கிற வேலை பார்த்தவர். எங்கள் சந்துக்கு வரும்போதே ஐம்பதைத் தாண்டியிருந்தார். பெண்டாட்டி பிள்ளை இல்லை. ஒரு சின்னப் படகு வைத்திருந்தார். வேலையை விட்டபிறகு அதில்தான் பொழுது போகும். ஆக்டோபஸ் பிடிப்பதில் கெட்டிக்காரர். பிடித்ததைக் கொண்டுவந்து நம் வாசலில் வாளியோடு வைத்துவிட்டு, கதவைக்கூடத் தட்டாமல் போய்விடுவார். ‘மனுஷனுக்கு மனுஷன் ஒரு வார்த்தை பேசினால் வாயில் முத்தா உதிர்ந்துவிடும்’ என்று என் மனைவி சலித்துக்கொள்வாள். ஆக்டோபஸை மட்டும் வேண்டாமென்று சொல்லமாட்டாள்.

அந்த மனிதரைப் பேசவைத்தவர் குரமோத்தோ ஒருவர்தான். ஷியோமிக்குக் கீழ்வீட்டுக்காரர், பட்டறையில் பாரந்தூக்கி ஓட்டியவர், மனைவியை இழந்தவர். அவரும் தனிக்கட்டை. ஒருநாள் எங்கள் ஊர்ச் சதுரங்கமான ஷோகி ஆடும் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியேறிப் போய், “ஆடத் தெரியுமா?” என்று கேட்டாராம். தெரியும் என்று தலையாட்டியிருக்கிறார் இவர். அதிலிருந்து தினமும் சாயங்காலம் இரண்டு பேரும் என் கடை பெஞ்சில்தான். ஆட்டத்தில் ஷியோமி கொடுமைக்காரர். குரமோத்தோ தோற்றுத் தோற்று, “இந்தக் கடல் பிசாசு என் ராஜாவைப் பச்சையாவே முழுங்குது பாரு சகோடா” என்று என்னிடம் முறையிடுவார். அப்போது ஷியோமி சிரிப்பார். பல் தெரியாமல், தோள் மட்டும் குலுங்கும்.

இனி பலகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஷோகிப் பலகை இல்லை, சுற்றுப் பலகை. சாக்கடை சுத்தம் என்றைக்கு, தீயணைப்புப் பயிற்சி எங்கே, யார் வீட்டில் சாவு, எல்லாம் ஒரு தாளில் எழுதி, அட்டையில் செருகி, வீடு வீடாகப் போகும். படித்துவிட்டு உங்கள் பெயர் போட்ட கட்டத்தில், கையெழுத்துக்குப் பதிலாகப் பெயர் வெட்டிய முத்திரையைக் குத்தி அடுத்த வீட்டில் கொடுக்க வேண்டும். முத்திரை குத்தினால் படித்தாயிற்று என்று அர்த்தம். அந்தத் தாளை எழுதுகிறவர் சந்துத் தலைவர். அது பெரிய பதவியெல்லாம் இல்லை. வருஷத்துக்கு ஒரு வீடு, முறை வைத்து வரும், யாரும் தப்பிக்க முடியாது. அந்த வருஷம் தொகுஷிகே அம்மாள் தலைவி. எழுபது வயது, முதுகு வளையாது, கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். அவருக்கு அடுத்த முறை குரமோத்தோவுக்கு. அதற்கடுத்தது ஷியோமிக்கு, பிறகு ஹிராகி வீட்டுக்கு.

அக்டோபரில் குரமோத்தோ ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்தார். வயிற்றுவலி என்று போனவர் கதை நாலு நாளில் முடிந்துவிட்டது. தொகுஷிகே அம்மாள் அவசரமாகப் பலகை அனுப்பினார். சடலத்துக்குப் பக்கத்தில் இரவு கண்விழிப்பு எங்கே, மறுநாள் சடங்கு எத்தனை மணிக்கு என்று எல்லாம் அதில் இருந்தது. எல்லா வீட்டு முத்திரையும் விழுந்து பலகை திரும்பி வந்தது. ஷியோமியுடையதும் இருந்தது. கண்விழிப்பு கடற்கரைப் பக்கம் கோயில் மண்டபத்தில் நடந்தது. அவர் வரவில்லை. உடம்பு சரியில்லையோ என்று நினைத்தேன். மறுநாள் காலை, சடங்குக்கு முன்னால், குரமோத்தோவின் சவப்பெட்டியை ஒருமுறை அவருடைய வீட்டுக்குக் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்று வெளியூரிலிருந்து வந்த அவர் மகள் ஆசைப்பட்டாள். எங்கள் படியில் வண்டி ஏறாது. ஆண்கள் தூக்கினோம்.

காட்டிவிட்டு இறங்கும்போதுதான் அது நடந்தது. கீழேயிருந்து ஷியோமி படியேறி வருகிறார். ரப்பர் பூட்ஸ், தலையில் துண்டு, கையில் வாளி. படியோ இரண்டு ஆள் அகலம். முன்னால் மகள் கருப்பு ரிப்பன் கட்டிய அப்பா படத்தைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அவர் படத்தைப் பார்த்தார். வாளியைக் காலடியில் வைத்துவிட்டுச் சுவரோடு சுவராக ஒட்டி நின்றார். வாளியிலிருந்து ஆக்டோபஸ் ஒரு கையை வெளியே போட்டு, மெல்ல ஏறி, படியில் இறங்கப் பார்த்தது. அவர் அதைக் குனிந்து எடுக்கவும் இல்லை. பூட்ஸ் காலால் தள்ளி உள்ளே விட்டார். கண் மட்டும் படத்தை விட்டு அசையவில்லை.

“ஷியோமி சான்” என்று பெயரோடு மரியாதை சேர்த்தே கூப்பிட்டார் தொகுஷிகே அம்மாள். கருப்புக் கிமோனோவில் இன்னும் நிமிர்ந்து நின்றார். “பலகையில முத்திரை குத்தியிருந்தீங்க. நேத்து வரல. இன்னிக்கு இப்படி வர்றீங்க.”

அவர் தலையிலிருந்த துண்டை அவிழ்த்தார். பிறகு, “மறந்துட்டேன்” என்றார்.

“மறந்துட்டீங்களா?”

“ஆமா. கடலுக்குப் போற அவசரத்துல மறந்துட்டேன்.”

மகள் அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். பெட்டியின் பாரம் வேறு தோளை அழுத்தியது. “வழிய விடுங்க” என்றேன், வேறு யாரோ அன்னியனிடம் சொல்வது போல. அவர் இன்னும் கொஞ்சம் சுவரோடு ஒட்டிக்கொண்டார். நாங்கள் இறங்கிப் போனோம்.

எங்கள் ஊரில் யாரும் முகத்துக்கு நேரே திட்டமாட்டார்கள். திட்டினால்கூடத் தேவலை. “குளிர் வந்துடுச்சு இல்ல?” என்பார்கள், நடையை நிறுத்தாமலே. அவ்வளவுதான். வாளியை வாசலில் வைத்தால் அது மறுநாள் கழுவித் துடைத்து அவர் வாசலுக்கே திரும்பும், உள்ளே நன்றிக்கு ஒரு பொட்டலம் பலகாரத்தோடு. கணக்குத் தீர்ந்தது, இனி வேண்டாம் என்று அதற்கு அர்த்தம். அவர் என் கடைக்கு வருவதை நிறுத்தினார். நானும் கூப்பிடவில்லை. சாவை மறந்தவனோடு எனக்கென்ன ஆட்டம்?

நவம்பரில் ஒரு மழைநாள் மதியம், கடையில் யாருமில்லாத நேரம் பார்த்து வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். “வழக்கம்போல” என்றார். நான் துணியைக் கழுத்தில் கொஞ்சம் இறுக்கித்தான் கட்டினேன்.

“மார்ச் மாசம் வீட்டக் காலி பண்றேன், சகோடா சான்” என்றார் கண்ணாடியைப் பார்த்து.

“நல்லது. ஏப்ரல்ல உங்க முறை வருதுல்ல, குரமோத்தோ போனதால ஒரு வருஷம் முன்னாலயே. அதுக்கும் டிமிக்கி. நண்பன் சாவுக்கும் டிமிக்கி, சந்து வேலைக்கும் டிமிக்கி. யோவ், நீயெல்லாம் என்ன மனுஷன்யா?”

இப்படி ஒரு வாடிக்கையாளரிடம் நான் பேசியதே கிடையாது. கத்தரி காற்றில் நின்றது. ஷியோமி துணிக்குள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“எனக்குப் படிக்கத் தெரியாது” என்றார்.

முதலில் எனக்கு ஏறவே இல்லை. எங்கள் நாட்டில் படிக்கத் தெரியாத மனிதனா? அவர் சொல்லச் சொல்லத்தான் புரிந்தது. படகிலேயே பிறந்து, படகிலேயே குடித்தனம் நடத்துகிற சனங்களில் ஒருவர் அவர். தீவுக்குத் தீவு மீனைத் தேடிப் போகும் படகில் பையனுக்கு ஏது பள்ளிக்கூடம்? பிறகு யுத்தம் வந்தது, போன அப்பா திரும்பவில்லை. இவர் துடுப்புப் பிடித்தார். ஒலிக்கு ஒன்றாகக் குழந்தைகள் முதலில் படிக்கிற கானா எழுத்தை யாரோ ஒரு ஐஸ் வியாபாரி பாதி சொல்லிக்கொடுத்தார். கான்ஜி எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. பொருளுக்கு ஒரு எழுத்து, ஆரம்பப்பள்ளி முடிவதற்குள்ளேயே ஆயிரம் எழுத்து, அதில் ஒன்றுமே இல்லாமல் ஒரு மனிதர் அறுபது வயது வரை எங்கள் நடுவில் நடமாடியிருக்கிறார்.

எப்படி என்று கேட்டேன். அரசு அலுவலகத்துக்குப் போகும்போது வலது கையில் கட்டுப் போட்டுக்கொண்டு போவாராம், அடிபட்டிருக்கிறது, நீங்களே எழுதிவிடுங்கள் என்று. சாப்பாட்டுக் கடையில் பக்கத்து மேசைக்காரர் தின்பதையே கொண்டுவரச் சொல்வார். தகேஹாராவில் இருந்தபோது ஒரு பெண்ணைப் பேசினார்கள், அவருக்கும் பிடித்திருந்தது. ஆனால் அவள் காலையில் செய்தித்தாளைப் படித்துவிட்டு, ‘நீங்க என்ன நெனக்கிறீங்க?’ என்று தாளை நீட்டுகிற பெண். அவரே விலகிக்கொண்டார். சுற்றுப் பலகை வந்தால் மேலிருந்து ஐந்தாவது கட்டத்தில் குத்திவிட்டு அனுப்பிவிடுவார். சேதியை அக்கம்பக்கத்துப் பேச்சில் பிடித்துக்கொள்வார். தலைவர் முறை நெருங்கினால் ஊரை மாற்றிவிடுவார். மிஹாரா, தகேஹாரா, கடல் தாண்டி இமாபாரி, எல்லாம் அப்படி விட்டுவந்த ஊர்கள்தான்.

“அன்னிக்கும் முத்திரை குத்தினேன். சாக்கடை சுத்தம்னு நெனச்சேன்” என்றார். “ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்துடுவாரு, ஆக்டோபஸ்னா அவருக்கு உசுருன்னு விடியறதுக்கு முன்னாலயே போனேன்.”

“அதை அங்கேயே சொல்லியிருக்கலாமே. மறந்துட்டேன்னா சொல்வாங்க?”

“எல்லார் முன்னாலயும் எப்படிச் சொல்றது?”

நான் நாற்காலிக்குப் பின்னால் நின்று அவர் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றிகெட்டவன் என்ற பேரைச் சுமப்பார், படிக்காதவன் என்ற பேரைச் சுமக்கமாட்டார். எனக்கு அழுகை வந்தது, அதனால் இன்னும் கோபமாகப் பேசினேன். “எங்கயும் போக வேண்டாம். திங்கக்கிழமை கடை லீவு. வந்து சேருங்க. யாருக்கும் சொல்லமாட்டேன்” என்றேன். அவர் துணியை எடுத்துத் தலையைத் துவட்டிக்கொண்டு, சத்தியம் செய்யச் சொன்னார். செய்தேன்.

கட்டம் போட்ட எழுத்துப் பயிற்சிப் புத்தகம் வாங்க எழுதுபொருள் கடைக்குப் போனேன். “யாருக்கு?” என்றான் கடைக்காரன். பேரனுக்கு என்றேன். “உங்களுக்குப் பேரனே கிடையாதே” என்றான். “பொறக்கப் போறான், உனக்கென்ன?” என்று சொல்லிவிட்டு வந்தேன். சாயங்காலம் என் மருமகளுக்கு வாழ்த்துச் சொல்லி யாரோ தொலைபேசியில் அழைத்தார்கள்.

முதல் திங்கள். கடைக் கதவில் தொங்கும் அட்டையைக் காட்டி, “இதுல என்ன போட்டிருக்கு?” என்று கேட்டேன்.

“கடை மூடியிருக்குன்னு.”

“எப்படித் தெரியும்?”

“திரை போட்டிருக்கே.”

அதுதான் அவர் படிக்கிற விதம். அட்டையில் ‘ஓய்வு’ என்ற எழுத்தைத் தொட்டுக் காட்டினேன். இடதுபக்கம் மனிதன், வலதுபக்கம் மரம். மனிதன் மரத்தில் சாய்ந்தால் ஓய்வு. “படகுல மரமே கிடையாது, அதான் எங்களுக்கு ஓய்வும் இல்ல” என்றார். சிரிக்காமல் சொன்னார். பிறகு ஷோகிக் காய்களைக் கொட்டினேன். இத்தனை வருஷம் அந்தக் காய்களின்மேல் இருக்கும் எழுத்தை அவர் முகம் பார்த்து ஆளைத் தெரிந்துகொள்கிற மாதிரிதான் தெரிந்துவைத்திருந்தார். ‘தங்கம்’ என்று எழுதிய காயை எடுத்து நாள்காட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். எங்கள் நாள்காட்டியில் வெள்ளிக்கிழமைக்குத் தங்கம் என்ற எழுத்துதான். அவர் காயைப் பார்த்தார், நாள்காட்டியைப் பார்த்தார், மறுபடி காயைப் பார்த்தார். “இவன் இங்க என்ன பண்றான்?” என்றார்.

நான் நடுநிலைப்பள்ளியோடு நின்றவன். குச்சி வைத்துச் சொல்லிக்கொடுக்கிற பொறுமையெல்லாம் கிடையாது. அவர் கோட்டைக் கீழேயிருந்து மேலே இழுப்பார். “நங்கூரமா தூக்கற? மேலேயிருந்து கீழ, இடமிருந்து வலம், எந்தக் கோடு முதல்னு முறை இருக்கு” என்று கத்துவேன். “எழுதி முடிச்சா ஒண்ணுதானே” என்பார். ஒரே எழுத்துக்குத் தனியாக நின்றால் ஒரு ஒலி, இன்னொன்றோடு சேர்ந்தால் வேறு ஒலி என்று சொன்னபோது பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். ஒருவாரம் கழித்து, வீட்டில் ஒரு பெயரும் வேலையில் ஒரு பெயரும் உள்ள ஆள் மாதிரி என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டு வந்தார். ஆக்டோபஸ் எழுத்தில் பாதி ‘பூச்சி’ என்று தெரிந்த அன்று மட்டும் உண்மையிலேயே கோபித்துக்கொண்டார். “இதை எழுதினவன் கடலையே பாத்ததில்ல” என்றார். இப்படியே ‘நீங்க’ போய் எங்களுக்குள் ‘நீ’ வந்துவிட்டது.

தன் பெயரில் இருப்பது உப்பும் பார்வையும் என்று அவருக்குத் தெரியாது. அவர் முத்திரையையே தாளில் குத்திக் காட்டிச் சொன்னேன். அதையே பார்த்துக்கொண்டிருந்தவர், “சாவுச் சடங்குன்னு எழுதிக் காட்டு” என்றார்.

அது கடினமான எழுத்து, பிறகு பார்க்கலாம் என்றேன். கேட்கவில்லை. எழுதினேன். மேலே புல், நடுவில் சாவு, கீழே மறுபடி புல். புல்லுக்குள் வைத்து மூடுவது. அவர் கட்டத்துக்கு ஒன்றாகப் பக்கம் முழுக்க எழுதினார். பென்சில் தாளைக் கிழித்தது. அடுத்த பக்கத்தில் எழுதினார். நான் டீ போடுகிற சாக்கில் உள்ளே போய் அங்கேயே நின்றுகொண்டேன்.

திரும்பி வந்தபோது, “நான் போகல” என்றார். “முறைய எடுத்துக்கறேன். தலைவன்னா சாவுச் சேதிய எழுதறவனே நான்தான். அப்ப எனக்குத் தெரியாமப் போகாது இல்ல?”

அதன்பிறகு பழைய சுற்றறிக்கைகளைச் சேர்த்துவைத்து அதையே பாடமாக்கினோம். மாதம், தேதி, காலை, மழை வந்தால் தள்ளிவைப்பு. ‘ஒன்றுகூடு’ என்ற எழுத்து மரத்தின் மேல் பறவை. அதைப் பார்த்ததும் கொக்கு உட்காரும் ஒரு தீவின் பெயரைச் சொன்னார், நான் கேள்விப்பட்டதே இல்லை. புத்தாண்டுக்குள் அவர் தெருப் பலகைகளைப் படிக்க ஆரம்பித்துவிட்டார். நடக்கும்போது சட்டென்று நிற்பார். ‘மீன் வலைப் பழுது’ என்று முணுமுணுப்பார். பத்து வருஷமாகத் தாண்டிப்போன கடை.

சந்தும் இளகிவந்தது. டிசம்பரில் யாரோ அவர் வாசலில் முள்ளங்கி வைத்துவிட்டுப் போனார்கள். தொகுஷிகே அம்மாளே நின்று, “படியில பனி, பாத்து இறங்குங்க ஷியோமி சான்” என்று இரண்டு வாக்கியம் பேசினார். காலம் ஆற்றிவிட்டது என்று நான் நினைத்தேன். அவரும் அப்படித்தான் நினைத்தார்.

மார்ச் முதல் வாரம் அவர் சுற்றுப் பலகையைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். முகம் சவரம் பண்ணி இருந்தது. “நானே படிக்கறேன். நீ வாயத் தொறக்காத” என்றார். நான் கடைக் கதவைத் தாழிட்டேன்.

விரலை வைத்துக்கொண்டு படித்தார். சாக்கடை சுத்தம், மூன்றாவது ஞாயிறு. மண்வெட்டி கொண்டுவரவும். எரிவாயுச் சோதனை. தடுக்கினார், நின்றார், எனக்கு நாக்கு துடித்தது, அவரே பிடித்துக்கொண்டார். கடைசிப் பத்திக்கு வந்தார். “அடுத்த வருடத் தலைவர்” என்று படித்ததும் குரல் கொஞ்சம் உயர்ந்தது. “முறைப்படி ஷியோமி அவர்கள்.” தன் பெயரை அச்சடித்த மாதிரிக் கையெழுத்தில் பார்த்ததும் விரல் அங்கேயே நின்றது. பிறகு மேலே படித்தார். “ஆனால் முதுமை காரணமாக...”

அடுத்த எழுத்து அவருக்குத் தெரியாது. நான் சொல்லிக்கொடுத்ததில்லை, எந்தச் சுற்றறிக்கையிலும் அது வந்ததும் இல்லை. “இது என்ன?” என்று நிமிர்ந்து பார்த்தார்.

விலக்கு என்று இருந்தது. பொய் சொல்லலாமா என்று பார்த்தேன்.

அவர் என் முகத்தையே பார்த்துவிட்டுத் தாளுக்குத் திரும்பினார். “சொல்ல வேண்டாம். அடுத்த பேரு எனக்குத் தெரியும். ஹிராகி” என்றார். பையிலிருந்து முத்திரையை எடுத்து, தன் கட்டத்தைத் தேடி, நிமிர்த்திப் பிடித்துக் குத்தினார். பலகையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தாழ்ப்பாளை நீக்கிவிட்டுப் போனார்.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு நேரே தொகுஷிகே அம்மாள் வீட்டுக்குப் போனேன். “எழுபது வயசுல நீங்க தலைவி. அறுபத்திரண்டு வயசுக்காரனுக்கு முதுமையா? வாரம் மூணு நாள் கடலுக்குப் போறான் அந்த மனுஷன்” என்று வாசலிலேயே ஆரம்பித்தேன். அவர் என்னை உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்தி, உட்கார ஒரு மெத்தையைத் தள்ளினார்.

“குரமோத்தோ சான் போனப்புறம் தாள்ல அவரு பேரை எடுத்தேன், கீழ இருந்த பேரெல்லாம் ஒரு கட்டம் மேல ஏறிடுச்சு” என்றார். “அடுத்த பலகையில ஷியோமி சான் ஹிராகி வீட்டுக் கட்டத்துல குத்தியிருந்தாரு. ஹிராகி மருமக கொண்டுவந்து காட்டினா. அப்பவே புரிஞ்சுடுச்சு. சாவுக்கு ஏன் வரலங்கறதும் புரிஞ்சுடுச்சு. படியில வச்சு நான் கேட்டதை நெனச்சு ராத்திரியெல்லாம் தூங்கல. வீடு வீடாப் போய் நானே சொன்னேன், அவரு மேல கோபப்படாதீங்க, விஷயம் இதுதான்னு. அவருக்குச் சங்கடம் வராம ஒரு காரணம் எழுதணும். முதுமைன்னு எழுதினேன். வேற என்ன எழுதறது?”

முள்ளங்கிக்கு அர்த்தம் அப்போதுதான் புரிந்தது. அவருக்கு இப்போது படிக்கத் தெரியும் என்று சொல்ல வாய் வரை வந்தது. சத்தியம் குறுக்கே நின்றது. “சகோடா சான், உங்களுக்கும் தெரியும்னு எனக்குத் தெரியும், அதான் உங்க வீட்டுக்கு மட்டும் வரல. நீங்களும் தெரியாத மாதிரியே இருந்துடுங்க. அதுதான் அவருக்கு நல்லது” என்றார் அந்த அம்மாள். கெட்டவராக இருந்தால் சண்டை போட்டிருப்பேன். டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

மேலே போய் ஷியோமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஊருக்கே தெரியும் என்பதையும் சொன்னேன். வலை பின்னிக்கொண்டே கேட்டார். மூட்டை கட்டிவிடுவார் என்று நினைத்தேன். கட்டவில்லை.

ஏப்ரலில் ஹிராகி வீட்டு முறை தொடங்கியது. வேலையெல்லாம் அந்த மருமகள் அயாக்கோதான். முதுகில் கைக்குழந்தை. பலகை ஷியோமி வீட்டுக்குப் போகிற நாளில் அவளே படியேறிப் போய், வாசலில் நின்று, ஒவ்வொரு வரியாகச் சொல்லிவிட்டு வருவாள். படித்துக் காட்டுகிற மாதிரி இருக்காது. பேச்சோடு பேச்சாக, “ஞாயித்துக்கிழமை எட்டு மணிக்குச் சாக்கடை சுத்தமாம், ஷியோமி சான், மழை பெஞ்சா அடுத்த வாரமாம்” என்று கதை சொல்கிற மாதிரி சொல்வாள். நல்ல பெண்.

ஜூனில் ஒருநாள் நான் ஷோகிப் பலகையோடு மேலே போயிருந்தபோது அதை நேரில் பார்த்தேன். வாசலில் அவள் உட்காரப் புது மெத்தை போட்டிருந்தார். குழந்தைக்கு அரிசி பிஸ்கட் வாங்கி வைத்திருந்தார். சவரம் பண்ணியிருந்தார். அவள் சொல்லச் சொல்ல, “அப்படியா” என்றார். “ஓ, அப்படியா.” பலகை அவர் கண்ணுக்கு நேரே இருந்தது. ஒவ்வொரு எழுத்தும் அவருக்குத் தெரிந்த எழுத்து. குழந்தை அவர் விரலைப் பிடித்து இழுத்தது. அவள் சொன்னதையே இரண்டாம் தடவை கேட்டார். அவளும் அலுக்காமல் மறுபடி சொன்னாள்.

அவள் இறங்கிப் போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். “என்னய்யா கூத்து இது? ஒரு குளிர்காலம் முழுக்க என் உசுர வாங்கிப் படிச்சியே. ‘அயாக்கோ சான், எனக்குப் படிக்கத் தெரியும், நீங்க சிரமப்பட வேண்டாம்’னு ஒரு வார்த்தை சொன்னா என்ன? தொகுஷிகே அம்மாவும் முறையத் திருப்பிக் குடுத்துடுவாங்க.”

அவர் பிஸ்கட் துகளைப் பெருக்கி உள்ளங்கையில் எடுத்தார்.

“குரமோத்தோ போனப்புறம் இந்தப் படியேறி என் வீட்டுக்கு வர்றது நீயும் அவளும்தான்” என்றார். “படிக்கத் தெரியும்னு சொல்லிட்டா, அவ எதுக்கு வருவா?”

நான் காய்களை அடுக்க ஆரம்பித்தேன்.